ஹெட்போன் பிணைச்சலை வீட்டிலேயே திருத்துதல்

வயரில்லாத ஹெட்போன் ஒன்று "பழுதாகிவிட்டது" என்று பெட்டிக்குள் போடப்படும்போது, அநேகமாக அதன் ஒலிப்பகுதி நல்ல நிலையில்தான் இருக்கும். பற்றரி வேலை செய்யும், புளூடூத் இணையும், பாடமும் கேட்கும். உடைந்தது தலைப்பட்டியும் காதுக் கிண்ணமும் சேரும் இடத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் பிணைச்சல் மாத்திரம். அந்தத் துண்டு சில கிராம்கூட இராது. ஆனால் அதைத் தனியாக விற்கும் கடை முல்லைத்தீவு மாவட்டத்து உடையார்கட்டில் மட்டுமல்ல, கொழும்பிலும் கிடைப்பது அரிது. ஆகவே ஒன்றில் முழு ஹெட்போனையும் புதிதாக வாங்க வேண்டும், அல்லது அந்தச் சிறு துண்டை நாமே ஒட்ட வேண்டும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர்தான் இந்தப் பொருள் பல வீடுகளுக்குள் நுழைந்தது. ஒரே அறையில் மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்புகளைக் கேட்க வேண்டியிருந்தது. பிறகு 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. வருடத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது, சில மாதங்களில் 360ஐத் தொட்டது. இறக்குமதியாகும் எல்லாப் பொருளையும் போல ஹெட்போனும் விலையேறியது. பிள்ளையின் ஹெட்போன் உடைந்தால் "போனால் போகட்டும்" என்று சொல்ல முடியாத வீடுகள்தான் நம்மில் அதிகம்.

உடையார்கட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே குளத்தோடு அமைந்த ஊர் அது. 1990களில் வன்னிக்குள் பற்றரி கொண்டுசெல்லத் தடை இருந்தது, மின்சாரமும் இல்லை. செய்தி கேட்க வேண்டுமே! அப்போது அங்குள்ளவர்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுத்தார்கள். டைனமோ தருவது சுமார் 6 வோல்ட், அதுவும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். எனவே இடையில் டயோட் வைத்து மாற்ற வேண்டும். இதைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்களைவிடத் தேவையால் கற்றுக்கொண்டவர்களே அதிகம். 2009 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் இந்த ஊரும் இருந்தது. அங்கிருந்தும் மக்கள் மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. மீளக் குடியேறியபோது வெறுங்கையோடு தொடங்கிய வீடுகளில், ஒரு பொருள் உடைந்தால் முதலில் எழும் கேள்வி "எங்கே வாங்குவது" என்பதாக இருக்காது.

இனி பிணைச்சலுக்கு வருவோம். அது ஏன் அந்த இடத்திலேயே உடைகிறது? தலைப்பட்டிக்குள் ஒரு மெல்லிய உருக்குப் பட்டி வில்லைப் போல எப்போதும் உள்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். கழற்றிப் போடும் ஒவ்வொரு தடவையும் அந்த அழுத்தம் பிளாஸ்டிக்கின் மிக மெல்லிய இடத்தில், பெரும்பாலும் திருகாணி இறங்கும் குழாயின் ஓரத்திலோ கூர்மையான உள்மூலையிலோ போய்க் குவியும். ஒரு கையால் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்துக் கழற்றும் பழக்கம் இதைக் கெடுக்கும். முக்காட்டின் மேல் போடுபவர்கள் பட்டியை இன்னும் கொஞ்சம் அகட்டுகிறார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. இழுவிசைக்கு உட்பட்டிருக்கும் சில பிளாஸ்டிக்குகளில் எண்ணெய் பட்டால் கண்ணுக்குத் தெரியாத மயிர் வெடிப்புகள் உண்டாகும். தலைக்கு எண்ணெய் வைத்த உடனே ஹெட்போன் போடாமலிருப்பது நல்லது.

திருத்தத் தொடங்குமுன் அது என்ன பிளாஸ்டிக் என்று அறிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பசையால் ஒட்டப் பார்ப்பதால்தான் பாதித் திருத்தங்கள் மறுநாளே கழன்று விழுகின்றன. பல உறைகளின் உட்புறத்தில் இரண்டு அம்புமுனைகளுக்கு நடுவே சில ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் என்றால் நமக்கு அதிர்ஷ்டம். ரிமோட்டின் உறை, லெகோ கட்டைகள் எல்லாம் அதுவே. பிசி என்றால் பொலிகார்பனேட், உறுதியானது. பிஏ என்றால் நைலோன். பிபி என்றால் பொலிபுரொப்பிலீன், அதை ஒட்டுவது கடினம். எழுத்து எதுவும் இல்லையென்றால் உடைந்த சிறு துணுக்கைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது பொலிபுரொப்பிலீன் போன்ற எண்ணெய்த்தன்மையான பிளாஸ்டிக். சாதாரண பசைகள் அதில் பிடிக்காது. அமிழ்ந்தால் நம்பிக்கை உண்டு. துணுக்கைத்தான் போட வேண்டும், ஹெட்போனை அல்ல!

சூப்பர் குளூ என்று நாம் வாங்கும் சிறு குழாயிலிருப்பது சயனோஅக்ரிலேட். அமெரிக்காவின் ஈஸ்ற்மன் கொடாக் நிறுவனத்தில் ஹரி கூவர் என்பவரின் குழு 1942இல், துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்கான தெளிவான பிளாஸ்டிக்கைத் தேடும்போது இதைக் கண்டது. தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கிறதென்று ஒதுக்கிவிட்டது. 1951இல் மறுபடி பார்த்தபோதுதான் அந்தத் தொல்லைதான் பயன் என்று புரிந்தது. 1958இல் விற்பனைக்கு வந்தது. இது காற்றிலும் மேற்பரப்பிலும் உள்ள நுண்ணிய ஈரப்பதத்தால் இறுகுகிறது, "காய்வதால்" அல்ல. அதனால் மெல்லிய படலமே வலியது. கட்டியாக ஊற்றினால் உள்ளே இறுகாமலே இருந்துவிடும். இறுகியபின் கண்ணாடியைப் போல நொறுங்கும் தன்மையும் இதற்கு உண்டு. நேராக இழுத்தால் தாங்கும், வளைத்தாலோ தட்டினாலோ விட்டுவிடும். பிணைச்சல் நாளெல்லாம் வளைகிற உறுப்பு. ஆகவே சூப்பர் குளூ மட்டும் போதாது.

இடைவெளி விட்டு உடைந்த இடத்தை நிரப்ப அப்பச்சோடா உதவும். துண்டுகளைப் பொருத்தி, இடைவெளியில் கொஞ்சம் அப்பச்சோடாவைத் தூவி, அதன்மேல் ஒரு துளி குளூ விட்டால் நொடியில் கல்லாகிவிடும். அப்போது சூடும் புகையும் எழும். முகத்தைக் குனிந்து பார்க்க வேண்டாம், யன்னலைத் திறந்து வையுங்கள். பின்னர் மண்கடதாசியால் தேய்த்து மட்டமாக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இது நம் மாணவியருக்கு மிக அவசியம். சூப்பர் குளூ பருத்தித் துணியில் கூடுதலாகச் சிந்தினால் கடும் வேகத்தில் வினைபுரிந்து தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும். கம்பளிக்கும் அப்படியே. சிந்தியதைப் பஞ்சாலோ, முக்காட்டின் முனையாலோ, பாடசாலைச் சீருடையாலோ துடைக்கக் கூடாது. முக்காட்டின் தொங்கலைப் பின்னால் செருகிக்கொண்டு உட்காருங்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்க வேண்டாம். இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டினால் விடும். கண்ணில் பட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், தண்ணீரால் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்குப் பசையைவிடச் சிறந்த வழி ஒன்று இருக்கிறது. அசற்றோன் அதைக் கரைக்கும். சில நெயில் பொலிஷ் ரிமூவர்களில் இருப்பது இதுதான். போத்தலின் லேபலில் அசற்றோன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அசற்றோன் இல்லாத வகையும் விற்கிறார்கள். பழுதான ரிமோட்டின் உறையிலிருந்து சில துணுக்குகளை நறுக்கி, சிறு கண்ணாடிப் போத்தலில் இட்டு, அவை மூழ்குமளவு அசற்றோன் ஊற்றி இறுக மூடி ஓர் இரவு வைத்தால் தேன் பதத்தில் குழம்பாகும். அதை உடைவின் இரு முகங்களிலும் தடவி அழுத்திப் பிடித்துக் கட்டிவைக்க வேண்டும். அசற்றோன் ஆவியாகிப் போனபின் எஞ்சுவது பசை அல்ல, அதே பிளாஸ்டிக். இரு பக்கத்து நீள்மூலக்கூறுகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்கின்றன. இரண்டு துண்டு மாவை ஒட்டிப் பிசைந்தால் பழைய எல்லை மறைவது போல, அதுவும் மறைகிறது. ஒரு முழு நாள் பொறுத்திருந்தால்தான் பலம் வரும். பொறுமையிழந்து மாலையிலேயே காதில் மாட்டிப் பார்க்கிற பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

அசற்றோன் பெற்றோலைப் போல எளிதில் தீப்பற்றும். அடுப்படியில் இந்த வேலை கூடாது. கேஸ் அடுப்போ விறகடுப்போ, எரிகிற எதுவும் அருகில் இருக்கக் கூடாது. பொலிகார்பனேட்டில் இதைப் பூசினால் வெண்மையாக மங்கி வெடித்துவிடும். நைலோனுக்கும் பொலிபுரொப்பிலீனுக்கும் ஒன்றும் செய்யாது. எனவே உள்ளே தெரியாத மூலையில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். ஒட்டுந்தன்மை வந்தால் மட்டுமே தொடருங்கள்.

எந்த வழியில் ஒட்டினாலும் பிணைச்சலுக்கு எலும்பு ஒன்று வேண்டும். முறிந்த கைக்கு மட்டை வைத்துக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே யோசனைதான். பழைய சைக்கிள் சில்லின் கம்பி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்புடையது. அதில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் போதும். மெல்லிய இடமானால் கடதாசிக் கிளிப்பின் கம்பி பொருந்தும். உடைவின் குறுக்கே இரு பக்கமும் ஒரு சிறு வாய்க்காலைச் சூடான ஊசியால் கீறி, கம்பியை அதில் கிடத்தி, மேலே இரட்டைக் குழாய் எபொக்சிப் பசையால் மூட வேண்டும். எபொக்சி சூப்பர் குளூவைப்போல நொறுங்காது, அசைவை ஓரளவு தாங்கும். பூசுமுன் இரு முகங்களையும் மண்கடதாசியால் சொரசொரப்பாக்குங்கள். வழுவழுப்பில் எதுவும் பிடிக்காது.

கம்பி வைக்க இடமில்லாவிட்டால் தையல் போடலாம். உடைவின் இரு ஓரங்களிலும் சூடான ஊசியால் எதிரெதிரே துளைகள் இட்டு, மீன்பிடிக்கிற தங்கூசியைக் கோத்து இறுக்கி முடிச்சிட்டு, அதன்மேல் எபொக்சி பூச வேண்டும். பசை பிடிக்காத பொலிபுரொப்பிலீனுக்கும் இது பலிக்கும், ஏனெனில் இங்கே சுமையைத் தாங்குவது நூல். பார்வைக்கு அழகில்லை என்பார்கள். என் அபிப்பிராயத்தில், ஒழுங்காகப் போட்ட தையலைக் கறுப்பு நூலால் ஒரு சுற்றுச் சுற்றி மறைத்தால் கடையில் வாங்கியதைவிட ஒன்றும் குறைவில்லை. இந்த வேலைக்கு ஆண்பிள்ளைகளைத் தேடும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். சட்டைக்குக் கை வெட்டித் தைக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது கடினமான காரியமே அல்ல. உரிந்து கொட்டும் காது மெத்தையின் உறையும் அப்படித்தான். அந்தச் செயற்கைத் தோல் ஈரப்பதத்தாலும் வியர்வையாலும் சிதைகிறது. பழைய மெத்தையை அளவாக வைத்து மெல்லிய துணியில் ஓர் உறை தைத்து மாட்டிவிடலாம்.

திறப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில. ஹெட்போனை நிறுத்திவிட்டே தொடங்க வேண்டும். ஒரு கிண்ணத்துக்குள் லிதியம் பற்றரி இருக்கும். சூடான ஊசியோ சோல்டரிங் அயனோ அதன் பக்கம் போகக் கூடாது, கூர்மையான எதுவும் அதில் குத்தக் கூடாது. பற்றரி பலூன் போல ஊதியிருந்தால் திருத்தும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். தலைப்பட்டி வழியாக ஒரு கிண்ணத்திலிருந்து மற்றதற்கு மயிரிழை போன்ற வயர்கள் ஓடும். கம்பியைச் செருகுமுன் அவை எங்கே போகின்றன என்று ரோர்ச் அடித்துப் பாருங்கள். இரும்புக் கம்பியை அருகில் வைத்து அராவ வேண்டாம். ஒலிப்பகுதிக்குள் இருக்கும் பலமான காந்தம் இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும், அது உள்ளே போனால் பாடுகிறபோதெல்லாம் கரகரக்கும். பிளாஸ்டிக்கை உருக்கும் புகை நல்லதல்ல. முற்றத்தில், காற்று போகும் பக்கம் பார்த்துச் செய்யுங்கள், சிறு பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். தரம் ஆறு ஏழு மாணவியர் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

காதுக்குள் வைக்கும் சிறு இயர்பட்களை நான் திருத்தச் சொல்லமாட்டேன். அவை பசையால் மூடப்பட்டவை, திறந்தால் திரும்ப மூடாது. ஆனால் அவற்றை வைக்கும் பெட்டியின் மூடி கழன்றால், பிணைச்சலுக்குப் பதிலாக ஒரு துண்டு நாடாத் துணியை எபொக்சியால் ஒட்டினால் போதும். பழைய காலத்துப் புத்தக அட்டைக்கு முதுகுத்துணி ஒட்டுவதும் இப்படித்தான்.

உற்பத்தியாளர்கள் இவற்றை ஏன் திறக்க எளிதாகச் செய்வதில்லை என்று கேட்கலாம். கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பற்றரிச் சட்டத்தின்படி, அங்கு விற்கப்படும் சிறு சாதனங்களின் பற்றரியை, சில விலக்குகள் தவிர, பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாக 2027 பெப்ரவரி முதல் இருக்க வேண்டும். அங்கே மாறும் வடிவமைப்பு நம் கடைகளுக்கும் வந்து சேரலாம். 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியல் போல்ட்வின் ஹெட்போன்களைத் தன் வீட்டுச் சமையலறையில்தான் செய்தார், அமெரிக்கக் கடற்படை அவற்றை வாங்கியது. சமையலறையில் செய்ய முடிந்த பொருளைச் சமையலறைக்கு வெளியே முற்றத்தில் திருத்த முடியாதா?

திருத்திய பிணைச்சலை இனி மடிக்க வேண்டாம். மடிக்கும் வசதியைத் தியாகம் செய்து, அந்த மூட்டை நிரந்தரமாக இறுக்கிவிடுவதே மிக நீடிக்கும் திருத்தம். போடும்போதும் கழற்றும்போதும் இரு கைகளாலும் இரு கிண்ணங்களையும் பிடித்துச் சமமாக அகட்டுங்கள். முதல் வாரம் நாளுக்கு ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பசை ஓரத்தில் வெண்ணிறக் கீறல் தெரிந்தால், முழுதாக உடையும்வரை காத்திராமல் அன்றே ஒரு பூச்சு எபொக்சி வையுங்கள்.