ஃபேன் வேகத்தைக் குறைச்சா கரண்டும் குறையுமா?

போன மாதக் கூட்டத்தில் தவணை வசூல் முடிந்ததும் பேச்சு கரண்டு பில் பக்கம் திரும்பியது. "ஃபேனை ரெண்டுலதான் வெக்கிறேன், அப்பவும் பில்லு குறையலையே" என்று ஒரு அக்கா கேட்டார்.

மேலே போடிமெட்டில் ஃபேன் தேவையில்லை. கீழே போடியில் அது இல்லாமல் தூக்கமில்லை. ஏலக்காய் தரம் பிரிக்க உட்காருகிற நமக்கு முழு வேகமும் ஆகாது; தூசியும் சருகும் பறந்து கண்ணில் விழும். அதனால் நாள் முழுக்க மெதுவாகவே ஓடுகிறது.

உங்கள் வீட்டு ரெகுலேட்டரைப் பாருங்கள். பெரிய பெட்டியாக, தொட்டால் சூடாக இருந்தால் அது பழைய வகை. உள்ளே கம்பிச் சுருள் இருக்கும். ஃபேனுக்குப் போகிற கரண்டை அது மறித்து, ஒரு பங்கைச் சூடாக வீணாக்குகிறது. அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் மீட்டர் ஓடும். அக்கா வீட்டில் இருப்பது இதுதான்.

சின்னத் திருகு மட்டும் தெரிகிற எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் இந்த நஷ்டம் மிகக் குறைவு. விநாடிக்கு 100 தடவை கரண்டை வெட்டி வெட்டி விடுகிறது. வேகம் குறைந்தால் யூனிட்டும் குறையும். சிலது மெதுவாக ஓடும்போது முனகும். 1, 2, 3 என்று டக் டக்கென்று திரும்புகிற கெப்பாசிட்டர் வகையில் அந்தச் சத்தம் வராது. எங்கள் ஓட்டு அதற்கே. லைட்டுக்கான டிம்மரை மட்டும் ஃபேனுக்கு மாட்டாதீங்க, மோட்டார் சூடாகிக் கெட்டுப்போகும்.

புது ஃபேனே வாங்குவதானால் கணக்குப் பாருங்கள். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். முழு வேகத்தில் தினம் 10 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 45 யூனிட். ரிமோட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்தான், 18 யூனிட். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்கள்.

இந்த ஃபேனுக்குச் சுவர் ரெகுலேட்டர் கூடாது, நேராக சுவிட்சில் இணைக்க வேண்டும். நம் உறுப்பினர் ஒருவர் குழுக் கடனில் வாங்கினார். மாட்ட வந்தவர் பழைய பெட்டி வழியாகவே இணைப்புக் கொடுத்துவிட்டார். விட்டு விட்டு ஓடிய ஃபேன் ஒரே வாரத்தில் நின்றுபோனது. தவணை மட்டும் நிற்கவில்லை.

ஐந்தில் வைத்தும் சாதாரண ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கோளாறு ரெகுலேட்டரில் இல்லை, மேல் கப்புக்குள் உள்ள கெப்பாசிட்டரில். விலை அதிகமில்லை. ஆனால் மெயினை அணைத்த பிறகும் அது ஷாக் அடிக்கலாம். தெரிந்தவரை வைத்தே மாற்றுங்கள்.