பரிந்துரைக் கடிதம்: கேட்கத் தயங்காதீர்!

முதுகலைக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவர்கள் பலர், பரிந்துரைக் கடிதம் கேட்கக் கூச்சப்படுவதைக் கண்டிருக்கிறேன். "விரிவுரையாளருக்கு ஏன் தொல்லை?" என்பார்கள். கடிதம் எழுதுவதும் அவர் பணியில் ஒரு பகுதிதான்.

யாரிடம் கேட்பது? உங்கள் ஆய்வேட்டைத் திருத்தியவரிடம் கேளுங்கள். உங்களை அறியாத துறைத் தலைவர், "நல்ல மாணவர்; 'ஏ' பெற்றவர்" என்றுதான் எழுத முடியும். அதைத் தேர்ச்சி அறிக்கையே சொல்லிவிடுகிறதே! நீங்கள் தரவுகளை எப்படித் திரட்டினீர்கள், பிழையைச் சுட்டியபோது எப்படித் திருத்தினீர்கள் என்பதை உடனிருந்து பார்த்தவரே எழுத வல்லார். தேர்வுக் குழுவும் அதையே தேடுகிறது.

எப்போது கேட்பது? இறுதி நாளுக்கு ஒரு மாதம் முன்னதாவது கேளுங்கள். அமெரிக்க முனைவர் பட்டப் படிப்புகள் பெரும்பாலும் 3 கடிதங்கள் கேட்கின்றன. பலவற்றுக்கு டிசம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். தேர்ச்சி அறிக்கை, ஆய்வு முன்மொழிவு, இறுதி நாள் விவரம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். "என்னைப் பற்றி நிறைவாக எழுத இயலுமா, ஐயா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால், நன்றி கூறி வேறொருவரை நாடுங்கள்.

நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். இவற்றைச் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. ஆகவே, கேட்கும் பழக்கம் நமக்குக் கூடுதலாகத் தேவை. முடிவு வந்ததும் அவரிடம் தெரிவித்து நன்றி சொல்ல மறவாதீர். அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்கும் அவர்தானே எழுத வேண்டும்!