"குடியை நிறுத்திட்டு வா" என்று சொன்னால் போதுமா?

என் சித்தப்பா பையன் ஆண்டிபட்டி பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறான். இரண்டு வருஷம் முன்னாடி, கை நடுக்கத்தோடு ஷிஃப்டுக்குப் போனவனிடம் சூப்பர்வைசர், "தம்பி, குடிய நிறுத்திட்டு வா, இல்லன்னா வராத" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். இவனும் அன்றைக்கே நிறுத்தினான். இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. க.விலக்கு அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். மது மூளையை மந்தப்படுத்தும். வருஷக்கணக்கில் தினமும் குடித்தால், மூளை அதை ஈடுகட்ட எந்நேரமும் முறுக்கேறி நிற்கப் பழகிவிடும். திடீரென்று மது நின்றாலும் அந்த முறுக்கு மட்டும் அப்படியே இருக்கும். 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை. 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் சிலருக்கு ஆள் அடையாளமே தெரியாத குழப்பம் வரும். இது உயிரையே எடுக்கலாம். அதனால் ரொம்ப நாள் குடித்தவர் டாக்டர் மேற்பார்வையில் மருந்தோடுதான் நிறுத்தணும்.

அப்போ வேலை கொடுப்பவர் என்ன சொல்லணும்? "லீவு எடுத்து வைத்தியம் பாரு, உன் வேலை இருக்கும்." இ.எஸ்.ஐ.யில் தகுதியுள்ள தொழிலாளிக்கு, டாக்டர் சான்றின்பேரில், வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பல பேருக்கு இது தெரியாது.

திரும்பி வந்த பிறகுதான் நிஜப் பரீட்சை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டிடிகே மருத்துவமனையில் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. வீட்டுக்குப் பொருந்துவது ஆலைக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். தம்பிக்குக் கொஞ்ச நாள் நைட் ஷிஃப்ட் போடவில்லை, மெஷினில் விடவில்லை. மாதம் ஒரு நாள் டாக்டரைப் பார்க்க அனுப்பினார்கள். நடுவில் ஒருமுறை சறுக்கினான். அப்போதும் கணக்கு முடித்து அனுப்பாமல், மறுபடி ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினார்கள்.

ஆனால் விடியுமுன்னே கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் தினக்கூலிக்காரர்களுக்கு? ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. அவர்களுக்கு இப்போதைக்கு நான் சொல்ல முடிவது ஒன்றுதான்: 14416, டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அந்த நம்பரை ஜீப் கண்ணாடியில் ஒட்டினாலே நல்லது.