மணி கேட்கிறது, எத்தனை அடி?

"அப்பாவுக்கு டிரில் மிஷின் சத்தத்தில் காது போச்சு. எனக்கு எம்.எஸ்.; எனக்கும் காதில்தான் கோளாறா?" என்று கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டை வாசகி கேட்கிறார். ஆடியோகிராம் சரியாக இருக்கிறதாம். கல்யாண வீட்டில்தான் பேச்சு புரிவதில்லையாம்.

அப்பா கதை வேறு. பாறை துளைக்கும் இரைச்சலில் உள்காதின் மயிர்ச் செல்கள் செத்துவிடும். ஆடியோகிராமில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழும். எம்.எஸ். எனும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸில் பெரும்பாலும் காது பழுதில்லை. காதிலிருந்து மூளைக்குப் போகும் வழியில் நரம்பின் மயலின் உறை அரிக்கப்படுகிறது. உறையின் இடைவெளிகளில் தாவித் தாவி ஓடும் மின்துடிப்பு, உறை போனதும் தவழ்கிறது. சில இழைகளில் நின்றே போகிறது.

தங்கவயல்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். 2001இல் சுரங்கம் மூடும்வரை, ஆளேற்றும் கூண்டான கேஜை ஏற்ற இறக்கக் கீழிருந்து மணியடிப்பார்கள். மேலே வைண்டர் டிரைவர் எத்தனை அடி என்று எண்ணித்தான் இயந்திரத்தைத் தொடுவார். ஓர் அடி முந்தியும் ஓர் அடி பிந்தியும் வந்தால்? மணி கணீரென்று கேட்கும். மூன்றா நான்கா என்பதுதான் தெரியாது. பக்கத்தில் கம்ப்ரசரும் ஓடினால் தொலைந்தது. கல்யாண வீட்டு மேளம்தான் அந்தக் கம்ப்ரசர். சூடும் பொருந்துகிறது: மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சாம்பியன் ரீஃப் பாறை 60 டிகிரிக்கு மேல் சுட்டது, உறையிழந்த நரம்போ உடம்பு லேசாகச் சூடானாலே அடியைத் தவறவிடும். நேரம் பிசகினால் திசையும் குழம்பும்: ஒலி வரும் திசையை அறிய இரு காதுகளுக்கிடையே மூளை எண்ணும் நேர இடைவெளி அதிகபட்சம் 0.7 மில்லி வினாடி. அதில் எவ்வளவு பிசகைத் தாங்கும்?

1868இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோ எம்.எஸ். நோயை வரையறுத்தார். ஒலி கேட்கும்போது செவி நரம்பு வழியில் எழும் மின் அலைகளுக்கு 1971இல் ஜூவெட், வில்லிஸ்டன் என்ற ஆய்வாளர்கள் எண் கொடுத்தார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

அந்த அலைகளைப் பார்ப்பதுதான் 'பேரா' (BERA) பரிசோதனை. நெற்றியிலும் காதுப் பக்கமும் மின்முனை ஒட்டி, காதில் 'டிக் டிக்' என்று ஆயிரம் தடவைக்கு மேல் ஒலிக்கவிடுவார்கள். முதல் அலைக்கும் ஐந்தாவதற்கும் இடையே வழக்கமாக 4 மில்லி வினாடி. முதலாவது நேரத்துக்கு வந்து ஐந்தாவது பிந்தினால், கோளாறு வழியில். ஆனால் இதை மட்டும் வைத்து எம்.எஸ். என்று முடிவுகட்டக் கூடாது, எம்.ஆர்.ஐ. வேண்டும்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் மயலின் முளைக்கும் என்ற வாட்ஸ்அப் விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அப்படி மீட்டுத் தருவதாக நிரூபணமான மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள்.

அப்பாவிடம் உரக்கப் பேசிப் பழகிய வீடு. உங்களிடம் அப்படிக் கத்த வேண்டியதில்லை. டிவியை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவராக, நிதானமாகப் பேசச் சொல்லுங்கள்.