கர்ப்ப காலத்தில் மது அருந்துதல்

கர்ப்ப காலத்தில் மது அருந்துதல் கருவில் வளரும் குழந்தையின் மூளையையும் உடல் வளர்ச்சியையும் நிலையாகப் பாதிக்கக்கூடியது. இதனால் ஏற்படும் குறைபாடுகளுள் மிகக் கடுமையானது கரு மது நோய்க்கூட்டறிகுறி எனப்படுகிறது. இக்குறைபாடுகளை முழுமையாகக் குணப்படுத்த முடியாது. ஆனால் முழுமையாகத் தவிர்க்க முடியும்.

பாதிப்பு ஏற்படும் விதம்

தாய் அருந்தும் மது இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடி வழியே கருவை அடைகிறது. மதுவைச் சிதைக்கும் திறன் கருவின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. மேலும், பனிக்குட நீரில் கலக்கும் மதுவைக் கரு மீண்டும் விழுங்குகிறது. இதனால் மது கருவிடம் நெடுநேரம் தங்குகிறது. மூளை கர்ப்ப காலம் முழுவதும் வளர்வதால், பாதுகாப்பான மாதம் என்று எதுவும் இல்லை. பாதுகாப்பான அளவும் இதுவரை அறியப்படவில்லை. பீர், ஒயின், கள், பிராந்தி ஆகிய அனைத்திலும் இருப்பது ஒரே எத்தனால்தான்.

அறிகுறிகள்

* குறைந்த எடையும் உயரமும், சிறிய தலை
* குறுகிய கண் திறப்பு, மெல்லிய மேல் உதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மழுங்கியிருத்தல்
* கற்றல், நினைவாற்றல், கவனம் ஆகியவற்றில் குறைபாடு

முக அடையாளங்கள் இல்லாமலும் மூளைப் பாதிப்பு இருக்கலாம். அத்தகைய குழந்தைகள் பள்ளியில் 'படிப்பு வராதவர்கள்', 'அடங்காதவர்கள்' என்று தவறாகக் கருதப்படுவதுண்டு.

வரலாறு

1968இல் பிரான்சு மருத்துவர் பால் லெமுவான், மதுப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்சு, டேவிட் சுமித் ஆகியோர் இந்நோய்க்குப் பெயரிட்டனர். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையை மதுப்புட்டிகளில் அச்சிடக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்த எச்சரிக்கை வாசகம் உடல்நலக் கேட்டையும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதையும் மட்டுமே குறிப்பிடுகிறது.

தமிழ்நாட்டில்

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 1.3% பேரும், ஆண்களில் 18.8% பேரும் மது அருந்துகின்றனர். பெண்கள் குடிப்பது அவமானமாகக் கருதப்படும் ஊர்களில் அதை வெளியே சொல்லத் தயங்குவர். சளிக்கும் உடம்பு வலிக்கும் சிறிது பிராந்தி நல்லது என்ற நம்பிக்கையும் உண்டு. மருந்தாக எண்ணிக் குடிப்பவர் அதை மது என்றே கணக்கில் கொள்ளமாட்டார். எனவே, விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு போன்ற பேரூராட்சிகளிலும் சுற்றுக் கிராமங்களிலும், கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் கிராம சுகாதாரச் செவிலியர் இதைக் குற்றம் சாட்டும் தொனியின்றித் தனிமையில் கேட்பது முக்கியம்.

தடுப்பு

கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மதுவைத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பம் தெரிவதற்கு முன்பு அருந்தியிருந்தால், உடனே நிறுத்தி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் குழந்தைக்குப் பயன் உண்டு. நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு ஏற்படலாம் என்பதால், மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். கணவரும் உடன் நிறுத்துவது பெண்ணுக்குப் பெரும் துணையாகும். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.