வலை யாருக்குக் காவல்?

பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருந்தால், கோடையில் அங்கே போகும் பெரியவர்கள் என்றாவது ஒரு மாலை பேஸ்பால் பேட்டிங் கேஜ் வாசலில் நிற்க வேண்டி வரும். பேரன் கையில் உருண்டை மட்டை, தலையில் இரு காதையும் மூடிய ஹெல்மெட், எதிரே பந்து எறியும் மெஷின், சுற்றிலும் வலை. ‘நம்ம ஊர் நெட் பிராக்டிஸ்தானே!’ என்று தோன்றும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். ஏறக்குறைய அதுதான். ஆனால் அந்த ‘ஏறக்குறைய’வில்தான் அடி படுகிறது.

கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். பேஸ்பால் 142 முதல் 149 கிராம்தான். எடை குறைவு என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். இங்கே பந்து தரையில் குத்தி வேகம் தணிந்து வருவதில்லை, ஒவ்வொன்றும் ஃபுல்டாஸ். அடிப்பவன் காலில் தடித்த பேடும் கிடையாது. பக்கவாட்டில் நின்று, முகத்தை மட்டும் பந்தின் பக்கம் திருப்பி வைத்திருக்கிறான். குறி தவறிய பந்து முழங்கைக்கோ விலாவுக்கோ கன்னத்துக்கோ வரும்.

இந்தக் கூண்டு எதற்காகப் பிறந்தது தெரியுமா? நகர்த்திச் செல்லக்கூடிய பேட்டிங் கேஜை 1900களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் என்று நியூஜெர்சிக்காரரான வெலிங்டன் டைட்டஸைச் சொல்வார்கள். மட்டையில் உரசிப் பின்னால் ஓடும் ஃபவுல் பந்துகளைத் துரத்தித் துரத்தியே பயிற்சி நேரம் போய்விடுகிறது என்பதுதான் அவர் கவலை. பந்து வெளியே போகாமல் இருந்தால் போதும். அந்த வேலையை வலை இன்றும் ஒழுங்காகச் செய்கிறது. வெளியே நிற்பவர்களுக்கு அதனால் ஓரளவு காவல் உண்டு. உள்ளே இருப்பவனுக்கு வலை எந்த வாக்குறுதியும் தரவில்லை. திறந்த மைதானத்தில் அடித்த பந்து தூரம் போய் விழும். கூண்டில் அதே பந்து உள்ளேயே எங்காவது மோதித் திரும்பி வரும்.

அதனால்தான் வலையை விறைப்பாகக் கட்டக் கூடாது என்கிறார்கள். தொய்வாகத் தொங்கினால் பந்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு அப்படியே கீழே விழவிடும். முறுக்கிக் கட்டினால் பந்தைத் திருப்பி அனுப்பும். வலையைத் தாங்கும் இரும்புக் கம்பம் இன்னும் மோசம், அதில் பட்ட பந்து எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வலை கம்பத்துக்கு உட்புறம் சற்று விலகித் தொங்க வேண்டும். எட்டும் தூரத்தில் உள்ள கம்பங்களுக்கு நுரை உறை போட வேண்டும்.

தொய்வான வலைக்கு ஒரு வம்பும் உண்டு. பந்து பட்டதும் அது ஓரடி, இரண்டடி வெளியே பிதுங்கும். அந்த இடத்தில் நீங்கள் சாய்ந்து நின்றால் வலை இல்லாததுபோலவேதான். அப்பா அம்மா தாத்தா பாட்டி எல்லோரும் செய்வது இதைத்தான்: வலைக் கண்ணிக்குள் விரலைக் கோத்துக்கொண்டு, மூக்கு உரச நின்று பேரனைப் பார்ப்பது. நாலடி தள்ளி நாற்காலியைப் போட்டு உட்காருங்கள், அவன் அங்கிருந்தும் தெரிவான்.

அடுத்தது மெஷின். இதன் பூர்வீகம் சுவாரசியமானது. 1890களின் பிற்பகுதியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹின்டன் என்ற கணித ஆசிரியர் பந்து எறியும் துப்பாக்கி ஒன்றைச் செய்தார். நிஜமாகவே வெடிமருந்துதான் பந்தைத் தள்ளியது. நான்காவது பரிமாணம் பற்றிப் புத்தகம் எழுதிய அதே ஹின்டன்! அதன் எதிரே மட்டையோடு நின்ற மாணவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இப்போதுள்ளவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் நீண்ட இரும்புக் கை சுழன்று பந்தை வீசும். மற்றதில் சுழலும் ரப்பர் சக்கரங்கள் பந்தைக் கவ்வி உமிழும். கை வைத்த மெஷினில் பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது இழுபட்ட நிலையில் இருக்கலாம், லேசாகத் தட்டினாலே கை பாய்ந்து வரும். சிக்கிய பந்தை எடுக்கக் குழந்தைகள் அதன் அருகே போகவே கூடாது. சக்கர மெஷினுக்குப் பந்தின் தோலும் தையலும் முக்கியம். ஈரப் பந்து, தையல் பிரிந்த பந்து, புதிதும் பழையதும் கலந்த வாளி, இவையெல்லாம் சக்கரத்தில் ஒன்றுபோலப் பிடிபடாது. பத்துப் பந்து நேராக வந்து பதினோராவது தலைக்கு வரும். மெஷினுக்கென்றே குழிகள் இட்ட ரப்பர் போன்ற பந்துகள் விற்பது இதற்காகத்தான். எந்தப் பந்தானாலும் அடிப்பவன் உள்ளே போகுமுன் சிலவற்றை, அவன் நிற்கும் இடத்தருகே தரையிலுள்ள பிளேட்டுக்கு மேல் வெறுமனே எறிய விட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மனிதன் எறிந்தால் எதிரே இருப்பவன் தயாரா என்று பார்ப்பான். மெஷினுக்குக் கண் கிடையாது. ஆகவே பந்தைப் போடுகிறவர் அதை உயர்த்திக் காட்டி, அடிப்பவன் பார்த்துவிட்டான் என்று உறுதியான பிறகே உள்ளே விட வேண்டும். கீழே கிடக்கும் பந்துகளைப் பொறுக்குவது மெஷினை நிறுத்திய பிறகுதான். ஒரு பந்தைக் காலால் தள்ளிவிடக் குனிகிற நேரத்துக்குள் அடுத்தது வந்துவிடும்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்கு. மெஷினில் 60 மைல் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துப் பையனை உள்ளே அனுப்புகிறார்கள். சிறுவர் லீகில் பந்து எறிபவரான பிட்சர் நிற்கும் தூரம் 46 அடி. அங்கிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்துக்கு அரை விநாடி ஆகும். அதே மெஷினை 35 அடிக்கு நகர்த்தினால் 0.4 விநாடிதான். தொழில்முறை ஆட்டக்காரர் 90 மைல் வேகத்தில் எறியும் பந்தைப் பார்த்து முடிவெடுக்க எதிராளிக்குக் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதே நேரம். எண் 60 என்கிறது, கண்ணுக்கோ அது 90. இடம் சிறிதான கூண்டில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

மெஷின் இல்லாமல் கோச்சே பந்து போடும்போது நிலைமை தலைகீழாகிறது, ஆபத்து அவருக்கு. 35 அடியில் நிற்பவரை நோக்கி 100 மைல் வேகத்தில் நேராகத் திரும்பும் பந்து, கால் விநாடிக்குள் அவரை எட்டிவிடும். அதற்காகத்தான் எல்-ஸ்கிரீன் என்ற வலைத் தட்டி: ஒரு பக்கம் உயரம், கை வீசும் பக்கம் மட்டும் தாழ்வு. எறிந்த மறுகணம் உடம்பு உயரமான பக்கத்துக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். எறிந்த பந்தின் அழகை எட்டிப் பார்க்கும் கோச்சுகள்தான் அடி வாங்குகிறார்கள். கூண்டுக்கு வெளியேயும் கோச்சுக்கு இந்த ஆபத்து உண்டு. 2007 ஜூலையில் ஆர்கன்சாவில் நடந்த ஒரு மைனர் லீக் ஆட்டத்தில் மைக் கூல்பா என்ற கோச் முதல் பேஸ் அருகே நின்றிருந்தார். அடித்த பந்து கழுத்தில் பட்டு இறந்துபோனார். அடுத்த ஆண்டிலிருந்து பேஸ் கோச்சுகளும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று விதி வந்தது.

ஹெல்மெட் கதையே தாமதத்தின் கதைதான். 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் கிளீவ்லாந்து வீரர் ரே சாப்மன் தலையில் பந்து பட்டது, மறுநாள் இறந்தார். மேஜர் லீகில் ஹெல்மெட் கட்டாயமானது 1971இல். அப்போதும் பழைய ஆட்டக்காரர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 1979 வரை ஒருவர் ஹெல்மெட் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார். மெஷின்தானே, கேஜ்தானே என்று ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கும் பெரிய பையன்களைப் பார்த்தால் எனக்கு அந்த ஐம்பது வருஷம்தான் ஞாபகம் வரும்.

தலை மட்டுமல்ல, நெஞ்சும் உண்டு. நல்ல இதயத்தின் மேலேயே, துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடிப்பிசிறில் அடி விழுந்தால் அது தாறுமாறாகித் துடிப்பு நின்றுபோகலாம். விலா எலும்பு இன்னும் வளையும் வயதில் இருக்கும் சிறுவர்களுக்கு இது அதிகம். பன்றிகளில் செய்த சோதனைகளில் மணிக்கு 40 மைல் வேகப் பந்துதான் இதை அதிகம் உண்டாக்கியது. அதாவது சின்னப் பையன்களுக்கு என்று நாம் வைக்கும் வேகமே. பயந்து பயனில்லை. கேஜ் இருக்கும் இடத்தில், இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் ஏ.ஈ.டி. கருவி எங்கே மாட்டியிருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பை நோக்கிப் பந்து வந்தால் விலகும் விதத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும், தானாக வராது. கிரிக்கெட் பழகியவர்கள் நெஞ்சைத் திறந்து பின்னால் சாய்வார்கள். இங்கே அது தவறு. முன் தோளை உள்ளே சுருட்டி, பந்துக்கு முதுகைக் காட்டி, மோவாயை நெஞ்சோடு ஒட்டி, மட்டையைத் தாழ்த்த வேண்டும். முதுகில் பட்டால் கன்றிப்போகும், அவ்வளவுதான். டென்னிஸ் பந்தை மெதுவாக எறிந்து பழக்கினால் சில நாளில் பிடிபட்டுவிடும்.

மட்டை எப்போதும் அடிப்பவன் கையில் மட்டும். சிறுவர் லீகில் அடுத்து இறங்கப்போகிறவன்கூட மட்டையைத் தொடக்கூடாது என்று வைத்திருப்பது நல்ல விதி. காத்திருக்கும் பையன் சும்மா வீசிப் பார்ப்பதில் பக்கத்தில் நிற்கும் தங்கையின் பல் போகும்.

காசு கொடுத்தாயிற்றே என்று நூறு பந்து ஒரேயடியாக அடிக்க விடாதீர்கள். பத்துப் பத்தாக அடித்து, நடுவில் ஓய்வு. களைத்த கைக்குப் பந்து வரும் நேரம் பிசகும். மட்டையின் அடிக்குமிழ் கீழ்க்கையின் உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கம் அழுந்தும் இடத்தில் கொக்கி வைத்த ஒரு சின்ன எலும்பு உண்டு. அது விரிசல் விட்டால் பிடியில் வலி இருந்துகொண்டே இருக்கும், சாதாரண எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. வலி வாரக்கணக்கில் போகாவிட்டால் சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.