நூற்றைந்தில் பூஜ்யத்துக்கு ஓர் இடம்

“நூத்தி அஞ்சு எழுதுங்க பார்ப்போம்” என்று டீச்சர் சொன்னதும் இரண்டாம் வகுப்பில் சில சிலேட்டுகளிலாவது 1005 வந்து நிற்கும். டீச்சர் அதை அழித்து 105 என்று எழுதிக் காட்டுவார். பிள்ளையும் பார்த்து எழுதிவிடும். மறுநாள் “முந்நூத்தி ஏழு” என்றால் 3007.

இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது பிள்ளைக்கு இழைக்கும் அநியாயம். நூறை 100 என்று எழுத அதற்குத் தெரியும், ஐந்தும் தெரியும். காதில் விழுந்த வரிசையிலேயே இரண்டையும் ஒட்டவைக்கிறது. பழைய தமிழ் எண்முறையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள். நூற்றைந்து என்றால் ௱௫. இருநூற்று முப்பத்து நான்கு என்றால் ௨௱௩௰௪. சொல்வது போலவே எழுதலாம். பூஜ்யத்துக்கு அங்கே வேலை இல்லை. 1825இல் வெளிவந்த ‘கணித தீபிகை’ போன்ற பாடநூல்கள்தாம் தமிழ் எண்களோடு பூஜ்யத்தையும் சேர்த்துக் கற்பிக்க முனைந்தன. அதற்கு முன் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ஒப்பித்து வளர்ந்தவர்கள், இடமதிப்பு என்ற பாடமே இல்லாமல் நெல்லையும் நிலத்தையும் அளந்து கணக்கு முடித்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வரலாற்றாய்வாளர் செந்தில்பாபு இந்தத் திண்ணைக் கணிதத்தை விரிவாக ஆராய்ந்து, 2022இல் ஆங்கிலத்தில் நூலாகவே கொண்டுவந்திருக்கிறார்.

ஆக, ஒரு குறி நிற்கும் இடத்தை வைத்தே அதன் மதிப்பு மாறுகிறது என்பது தானாக விளங்கும் சங்கதி அல்ல. ஏழு வயதில் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறோம் என்றால், கைக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அதற்குப் பஞ்சமில்லை. விளக்குமாற்று ஈர்க்குச்சி, புளியங்கொட்டை, ஒரு பொட்டலம் ரப்பர் பேண்டு போதும். நெல் விளையும் பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நாற்றை முடி முடியாகக் கட்டி வயலில் வீசுவதைப் பார்த்தே வளர்கிறார்கள். உதிரியைக் கட்டாக்கினால் எண்ணுவது சுலபம் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி இல்லை.

விளையாட்டுக்கு நான்கு பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கொரு அட்டை, நடுவே ஒரு கோடு, இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் ஒன்று. பகடையில் எத்தனை விழுகிறதோ அத்தனை குச்சியை எடுத்து வலப்பக்கம் வைக்க வேண்டும். வலப்பக்கத்தில் பத்து சேர்ந்துவிட்டால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி இடப்பக்கம் நகர்த்தியாக வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் தன்னிடம் உள்ளதைச் சிலேட்டில் எண்ணாக எழுத வேண்டும். பத்துக் கட்டு முதலில் சேர்த்தவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெருங்கட்டாகக் கட்டுவார். அது நூறு.

எட்டுக் குச்சி வைத்திருக்கும் பிள்ளைக்கு ஐந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் கலந்துவிட்டு ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எண்ணும். சில நாள் விளையாடிய பிறகு, ஐந்திலிருந்து இரண்டை மட்டும் தனியே எடுத்து எட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு, மிச்சம் மூன்றைப் பக்கத்தில் வைக்கும். யாரும் சொல்லித்தராமல் விரல்கள் கண்டுபிடித்த வழி அது. பின்னால் வரப்போகும் கூட்டல் முழுவதற்கும் அதுதான் அடித்தளம்.

எட்டுக்கு இரண்டு விழுந்தால் இன்னும் நல்லது. பத்தும் கட்டாகி இடப்பக்கம் போய்விடுகிறது, வலப்பக்கம் காலி. “அங்க ஒண்ணுமே இல்லையே மிஸ், என்ன எழுதுறது?” இந்தக் கேள்விக்காகத்தான் விளையாட்டே. வெறும் 1 என்று எழுதினால் ஒற்றைக் குச்சியாகிவிடும் என்று பக்கத்திலிருக்கும் பிள்ளையே சொல்லும். பூஜ்யம் அப்போது தேவைப்பட்டு வருகிறது. நூற்றைந்துக்கு முற்றத்தில் சுண்ணாம்புக்கட்டியால் மூன்று கட்டம் போட்டு, 1, 0, 5 அட்டை பிடித்த மூவரை நிறுத்தலாம். நடுவில் நிற்பவரைக் கொஞ்சம் வெளியே வரச் சொல்லி, மற்ற இருவரையும் நெருங்கி நிற்கச் சொன்னால் 15 ஆகிவிடும்.

பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்க்க ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. பியாஜேயின் வழிவந்த கல்வியாளர் கான்ஸ்டன்ஸ் காமியின் ஆய்வுகளால் பரவலாக அறியப்பட்டது அது. பதினாறு வில்லைகளை எண்ணி 16 என்று எழுதச் சொல்ல வேண்டும். 6-ஐச் சுட்டி, இது எத்தனை வில்லை என்று காட்டச் சொன்னால் ஆறைக் காட்டும். 1-ஐச் சுட்டினால், பல பிள்ளைகள் ஒரே ஒரு வில்லையைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். மிச்சம் ஒன்பது அநாதையாகக் கிடப்பது அவர்களை உறுத்துவதில்லை. “ஒன்றாம் இடம், பத்தாம் இடம்” என்று கட்டம் போட்டுச் சரியாக நிரப்பும் பிள்ளையும் இதில் தடுமாறலாம்.

எந்தப் பொருளை எப்போது கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். குச்சிக்கட்டைப் பிரித்தால் உள்ளே பத்தும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஹங்கேரியக் கணித அறிஞர் ஸோல்டான் டீன்ஸின் பெயரால் அழைக்கப்படும் கட்டைகளில் பத்தின் நீளம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பிரிக்க முடியாது. உதிரிக் கட்டைகளாக மாற்றித்தான் வாங்க வேண்டும். பத்து ரூபாய் நோட்டிலும் மணிச்சட்டத்திலும் அந்தத் தடயமும் இல்லை. ஒரு மணி பத்து என்று நம்பியாக வேண்டும். ஆகவே எடுத்த எடுப்பில் மணிச்சட்டத்தை நீட்டுவது அவசரம். கடை விளையாட்டும் காகித நோட்டும் குச்சிக்குப் பிறகு வரட்டும்.

அவசரத்துக்குக் காரணம் ஆசிரியர் மட்டுமல்ல. 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்குப்படி, பிள்ளை முதல் வகுப்பில் 99 வரையும் இரண்டாம் வகுப்பில் 999 வரையும் மூன்றாம் வகுப்பில் 9999 வரையும் எண்களைப் படிக்க வேண்டும். காகிதத்தில் ஆண்டுக்கு ஒரு இலக்கம்தான் கூடுகிறது. குச்சிக்கு இரண்டு மாதம் கொடுத்தால் பாடம் பின்தங்கிவிடுமோ என்ற பயம் ஆசிரியருக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் 100இல் நின்று நிதானமாகக் கட்டிப் பிரித்த பிள்ளைக்கு ஆயிரம் என்பது அதே வேலையை இன்னொரு முறை செய்வதுதான்.

பிரிப்பதைப் பற்றி இனிதான் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஆட்டத்தைத் தலைகீழாகவும் ஆடலாம்: பெருங்கட்டோடு தொடங்கி, பகடை சொல்வதை நடுவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று கட்டும் இரண்டு குச்சியும் இருக்கும்போது ஐந்து விழுந்தால், பிள்ளை ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கட்டு இரண்டாகிறது, உதிரி பன்னிரண்டாகிறது, ஐந்து போய் ஏழு மிஞ்சுகிறது: 27. கரும்பலகையில் ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லித்தருவது இதைத்தான். கழற்றிய ரப்பர் பேண்டு கையில் இருக்கும்போது, பக்கத்து வீட்டிலிருந்து வந்தது ஒன்றல்ல, பத்து என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கடன் வாங்கும் கழித்தலில் பிள்ளைகள் செய்யும் வழக்கமான தவறுகளை அடுத்த வாரம் பார்க்கலாம்.